ஃபீல்டு மார்ஷல் கரியப்பா: அரசரின் கொடியிலிருந்து குடியரசின் கொடிக்கு ராணுவத்தை அழைத்து வந்த குடகு வீரர்

பெங்களூரு: ஜனவரி மாதம் பிறந்தால் பெங்களூருவின் தண்டுப் பகுதியில் அணிவகுப்பு ஒத்திகைகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், அல்சூர் எனத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இப்பகுதிகளுக்கு அருகிலேயே, அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் சென்னைப் பொறியியல் படைப்பிரிவின் மையம் அமைந்துள்ளது. 1780ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அப்படைப்பிரிவின் கோவிந்தசாமி அணிவகுப்பு மைதானத்தில்தான், 2023 ஜனவரி 15 அன்று 75ஆவது ராணுவ தின அணிவகுப்பு நடைபெற்றது. அதுவரை டெல்லியில் மட்டுமே நடைபெற்றுவந்த ராணுவ தின அணிவகுப்பு, தலைநகருக்கு வெளியே முதன்முறையாக நடத்தப்பட்டது அன்றுதான்.

அந்த நாள் ராணுவ தினமாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணமானவர், இதே கர்நாடக மண்ணின் மைந்தரான ஃபீல்டு மார்ஷல் கோதண்டேரா மாதப்பா கரியப்பா. 1949 ஜனவரி 15 அன்று, பிரிட்டிஷ் தளபதியான ஜெனரல் சர் பிரான்சிஸ் ராய் புச்சரிடமிருந்து இந்திய ராணுவத்தின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

நாடு விடுதலை பெற்று 17 மாதங்கள் கழிந்த பின்னரே, அதன் ராணுவத்திற்கு இந்தியர் ஒருவர் தலைமையேற்றார். ஆனால் தலைமை மாறியதோடு பணி நிறைவடைந்துவிடவில்லை. அந்நிய அரசரின் பெயரால் உறுதிமொழி எடுத்து, அவரது மகுடத்தைத் தோளில் சுமந்து, அவரது கொடிக்கு வணக்கம் செலுத்திப் பழகிய ஒரு படையை, மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசுக்குப் பணிந்து நடக்கும் படையாக மாற்ற வேண்டியிருந்தது. ஒழுங்கு குலையாமல் அம்மாற்றம் நிகழ வேண்டும் என்பதே கரியப்பாவின் முன் இருந்த சவால்.

குடகிலிருந்து சென்னை வழியாக

1899 ஜனவரி 28 அன்று குடகுப் பகுதியின் சனிவாரசந்தேயில் பிறந்தார் கரியப்பா. தந்தை மாதப்பா வருவாய்த் துறையில் பணியாற்றியவர். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்த கரியப்பா, 1917ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மெரினா கடற்கரையை நோக்கி நிற்கும் அக்கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோதுதான், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு இந்தியர்கள் தேர்வு செய்யப்படுகிறார்கள் என்ற செய்தி அவரை எட்டியது.

முதல் உலகப் போர் வரை, அரசரின் ஆணை பெற்ற முழு அதிகாரிப் பதவி இந்தியர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. எத்தனை ஆண்டுகள் பணியாற்றினாலும், எத்தனை பதக்கங்கள் வென்றாலும், இந்திய வீரர் ஒருவர் சுபேதார் மேஜர் போன்ற நிலைகளுக்கு மேல் செல்ல இயலாது. பிரிட்டனிலிருந்து புதிதாக வந்து இறங்கும் இளம் அதிகாரிக்கும் அவர் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். போரில் இந்தியப் படைகள் சிந்திய இரத்தமும், நாட்டில் வலுத்த அரசியல் கோரிக்கையும் அக்கதவைச் சற்றே திறந்தன. இந்தூர் டேலி கல்லூரியில் நடந்த பயிற்சிக்குத் தேர்வான கரியப்பா, 1919 டிசம்பரில் அதிகாரியாகி, கர்நாடிக் காலாட்படையில் பணியைத் தொடங்கினார். பின்னர் ராஜபுத்திர ரெஜிமென்ட் அவரது நிரந்தர இல்லமாயிற்று.

அதன்பின் அவரது பணிப்பதிவேட்டில் முதல் இந்தியர் என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. 1933ஆம் ஆண்டில் குவெட்டா ராணுவப் பணியாளர் கல்லூரியில் பயிற்சி பெற்ற முதல் இந்திய அதிகாரி அவரே. 1942இல் ஒரு பட்டாலியனுக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரும் அவரே. இரண்டாம் உலகப் போரில் ஈராக், சிரியா, ஈரான் ஆகிய நாடுகளிலும், பின்னர் பர்மா போர்முனையிலும் பணியாற்றினார். போர் முடிந்த வேளையில் வடமேற்கு எல்லையின் பன்னு படைப்பிரிவுக்குப் பிரிகேடியராகத் தலைமையேற்றார். அங்கே அவருக்குக் கீழ் பணியாற்றியவர்களில் ஒருவர், பின்னாளில் பாகிஸ்தானின் அதிபரான அயூப் கான்.

இரண்டாகப் பிரிந்த படை

1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் லண்டன் இம்பீரியல் பாதுகாப்புக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த கரியப்பா, நாட்டுப் பிரிவினை உறுதியான நிலையில் தாயகம் திரும்பினார். நிலத்தைப் பிரிப்பதற்கு வரைபடமும் எல்லைக்கோடும் போதுமானவையாக இருந்தன. ராணுவத்தைப் பிரிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரே ரெஜிமென்ட்டில் பஞ்சாபி முஸ்லிம் கம்பெனியும், சீக்கியக் கம்பெனியும், ராஜபுத்திரக் கம்பெனியும் அருகருகே இருந்தன. அவர்கள் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள். ஒரே போர்களில் மாண்டவர்கள். படைகளையும் தளவாடங்களையும் இரு நாடுகளுக்கும் பங்கிடும் பணியில் கரியப்பாவுக்கு முக்கியப் பொறுப்பு அளிக்கப்பட்டது.

விடுதலைக்குச் சில நாட்களுக்கு முன்பு, பாகிஸ்தானுக்குச் செல்லும் அதிகாரிகளுக்கு டெல்லியில் பிரிவுபசார விருந்து ஒன்று நடைபெற்றது. இந்திய அதிகாரிகளின் சார்பில் வெள்ளி நினைவுச் சின்னம் ஒன்றைக் கரியப்பா அவர்களிடம் வழங்கினார். இந்து வீரரும் முஸ்லிம் வீரரும் அருகருகே நின்று, பொதுவான பகைவனை நோக்கித் துப்பாக்கி ஏந்தியிருப்பதைப் போல அது வடிக்கப்பட்டிருந்தது. மீண்டும் நண்பர்களாகச் சந்திப்போம் என்ற நம்பிக்கையுடன் இரு தரப்பினரும் அன்றிரவு விடைபெற்றனர். மூன்று மாதங்கள் கூட நிறைவடையாத நிலையில், காஷ்மீரில் இரு நாட்டுப் படைகளும் மோதும் போர் மூண்டது.

சோஜிலாவும் பெங்களூரு சாப்பர்களும்

1948 ஜனவரியில் டெல்லி மற்றும் கிழக்குப் பஞ்சாப் படைத்தலைமையகத்தின் பொறுப்பு கரியப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விரைவில் மேற்குப் படைத்தலைமையகம் என்று பெயர் மாற்றப்பட்ட அதன் கீழ்தான் காஷ்மீர் போர்முனை வந்தது. அதே குடகைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் திம்மய்யாவுக்கு ஸ்ரீநகர்ப் பகுதியின் 19ஆவது டிவிஷன் அளிக்கப்பட்டது.

லடாக்கின் தலைநகரான லே, அந்நேரத்தில் பெரும் ஆபத்தில் இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் வழியில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்த சோஜிலா கணவாயை எதிர்த்தரப்புப் படைகள் பிடித்து வைத்திருந்தன. காலாட்படையின் தாக்குதல்கள் பலனளிக்கவில்லை. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பனி மூடிவிட்டால் அடுத்த கோடை வரை கணவாயைக் கடக்க வழியில்லை.

கோவேறு கழுதைகள் மட்டுமே செல்லக்கூடிய அந்த மலைப்பாதையில் டாங்கிகளை ஏற்றுவது என்று முடிவாயிற்று. பாதையை அகலப்படுத்தும் பொறுப்பு, பெங்களூருவைத் தாயகமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரிடம் வந்தது. மேஜர் தங்கராஜு தலைமையில் அவர்கள் கடுங்குளிரிலும் எதிரியின் குண்டு வீச்சுக்கு நடுவிலும் மலையைக் குடைந்து பாதை அமைத்தனர். தென்னாட்டின் வெப்பச் சமவெளிகளில் பிறந்து வளர்ந்த வீரர்கள் பலர் அப்பணியில் இருந்தனர். 1948 நவம்பர் 1 அன்று, ஏழாவது குதிரைப்படையின் ஸ்டுவர்ட் ரக டாங்கிகள் கணவாயில் ஏறின. அத்தனை உயரத்தில் டாங்கிகளை எதிர்பார்த்திராத எதிர்த்தரப்பு நிலைகுலைந்தது. அந்த மாத இறுதிக்குள் கார்கில் கைப்பற்றப்பட்டு, லே செல்லும் பாதை திறக்கப்பட்டது.

ஜீவனஹள்ளியைச் சுற்றியுள்ள பகுதிவாசிகள் நாள்தோறும் கடந்து செல்லும் அல்சூர் ஏரிக்கரைப் படை மையத்தின் பெருமைகளில் சோஜிலாவுக்குத் தனியிடம் உண்டு. அந்த வெற்றி நிகழ்ந்து இரண்டரை மாதங்களில், அப்போர்முனைக்குப் பொறுப்பாக இருந்த கரியப்பா நாட்டின் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியானார்.

மகுடம் அகன்ற நாள்

பிரிட்டிஷ் ஆட்சியில், தலைமைத் தளபதி என்பவர் வைசிராய்க்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டவர். டெல்லியில் அவர் வசித்த பிரம்மாண்டமான மாளிகைக்குக் கொடிமர இல்லம் என்று பொருள்படும் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்ற பெயர் வழங்கியது. விடுதலைக்குப் பின் அம்மாளிகை பிரதமர் நேருவின் இல்லமாக்கப்பட்டது. தீன் மூர்த்தி பவன் என்று இன்று அறியப்படுவது அதுவே. படைத்தலைவரின் கொடி பறந்த மாளிகையில் மக்கள் பிரதிநிதி குடியேறினார். கரியப்பா பதவியேற்றபோது, அப்பதவியின் இடம் எது என்பதை அந்த மாற்றம் ஏற்கெனவே உணர்த்தியிருந்தது.

1950 ஜனவரி 26 அன்று காலை 10.18 மணிக்கு இந்தியா குடியரசாக அறிவிக்கப்பட்டது. சில நிமிடங்களில் டாக்டர் ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 31 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. அன்று பிற்பகல், இப்போது மேஜர் தியான் சந்த் தேசிய மைதானம் என்று அழைக்கப்படும் இர்வின் மைதானத்தில் குடியரசுத் தலைவர் தேசியக் கொடியை விரித்து, முப்படைகளின் அணிவகுப்பு மரியாதையை ஏற்றார். இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார். அரசியல் சாசனப்படி, முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் வந்து சேர்ந்தது.

அன்று முதல் படைகளின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மாறின. அதிகாரிகளின் தோள்பட்டையிலிருந்த மகுடம் நீக்கப்பட்டு, அங்கே அசோகச் சின்னத்தின் சிங்கங்கள் இடம்பெற்றன. பிரிட்டிஷ் பாணி நட்சத்திரங்களுக்குப் பதிலாக ஐந்து முனை நட்சத்திரங்கள் வந்தன. படைப்பிரிவுகளின் பெயர்களில் ஒட்டியிருந்த அரச பட்டங்கள் உதிர்ந்தன. வீரர்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ள ஜெய் ஹிந்த் என்ற சொல் நிலைபெற்றது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் முழக்கமாக இருந்த அச்சொல்லை, அதே படையை எதிர்த்துப் போரிட்ட ராணுவத்தில் வழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் கரியப்பாவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

கொடிகளின் இறுதிப் பயணம்

எல்லாவற்றையும் விட நுட்பமான சிக்கல், படைப்பிரிவுகளின் கொடிகளைப் பற்றியதாக இருந்தது. முற்காலப் போர்களில், புகையும் குழப்பமும் சூழ்ந்த களத்தில் வீரர்கள் ஒன்றுசேரும் இடத்தைக் காட்டுவதற்காகவே ரெஜிமென்ட் கொடி ஏந்தப்பட்டது. கொடியை இழப்பது படைக்கே இழிவு என்று கருதப்பட்டது. களத்தில் கொடி ஏந்தும் வழக்கம் மறைந்த பின்னரும், அணிவகுப்புகளில் அதற்குரிய மரியாதை குறையவில்லை. கொடி கடந்து செல்கையில் அனைவரும் எழுந்து நின்று வணக்கம் செலுத்துவர். அத்துணியில் படைப்பிரிவு பெற்ற போர் விருதுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அவை அரசரின் கொடிகள். குடியரசின் படை அவற்றை ஏந்தி நடப்பது பொருந்தாது. அதே நேரத்தில், அவற்றைக் காக்க உயிர்நீத்தவர்கள் இந்திய வீரர்கள். அவர்களின் நினைவை உதறிவிடவும் இயலாது. எரிப்பதா, பிரிட்டனுக்கு அனுப்புவதா, பத்திரப்படுத்துவதா என்ற கேள்விக்கு ராணுவ மரபே விடை தந்தது. பணி முடிந்த கொடிகளை மரியாதையுடன் ஓரிடத்தில் நிலைநிறுத்தி ஓய்வளிப்பது நெடுநாள் வழக்கம். அதன்படி, 1950 நவம்பர் 23 அன்று, 33 ரெஜிமென்ட்டுகளின் அரச கொடிகள் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியின் செட்வுட் அரங்கில் முறைப்படி வைக்கப்பட்டன. அப்போது ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் கரியப்பா.

அரச கொடிகளின் இடத்தைக் குடியரசுத் தலைவரின் கொடிகள் பெற்றன. 1951 மே 27 அன்று கடற்படைக்கு அக்கொடியை ராஜேந்திர பிரசாத் வழங்கினார். நிஷான் என்று அழைக்கப்படும் குடியரசுத் தலைவரின் கொடியைப் பெறுவது, இன்றும் ஒரு படைப்பிரிவுக்குக் கிடைக்கும் மிக உயரிய சிறப்புகளில் ஒன்று.

சாதியும் வட்டாரமும் கடந்த படை

கொடி மாறினால் போதுமா என்ற கேள்விக்கும் கரியப்பாவின் பதவிக்காலம் ஒரு விடையைத் தந்தது. குறிப்பிட்ட சாதிகளும் வட்டாரங்களும் மட்டுமே போர்க்குணம் கொண்டவை என்ற பிரிட்டிஷ் கொள்கையின்படியே ரெஜிமென்ட்டுகள் அமைக்கப்பட்டிருந்தன. அதற்கு மாறாக, நாட்டின் எப்பகுதியினரும் எச்சமூகத்தினரும் சேரக்கூடிய பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ் என்ற படைப்பிரிவு 1949ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. பழம்பெருமை வாய்ந்த நான்கு பட்டாலியன்கள் அதன் தொடக்கமாக அமைந்தன. பொதுமக்கள் பகுதிநேர வீரர்களாகச் சேரும் பிராந்திய ராணுவமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது.

இருப்பினும், பழைய ரெஜிமென்ட்டுகளில் பெரும்பாலானவை தங்கள் பெயர்களையும் மரபுகளையும் தக்கவைத்துக்கொண்டன. இந்திய தேசிய ராணுவத்தின் முன்னாள் வீரர்களை மீண்டும் படையில் சேர்ப்பதையும் கரியப்பா ஏற்கவில்லை. அவர்களின் முழக்கத்தை ஏற்ற ராணுவத்தில், அவர்களுக்கு இடமில்லாமல் போனது. உறுதிமொழியை மீறியோரைச் சேர்த்தால் ஒழுங்கு சிதையும் என்பது அன்றைய ராணுவத் தலைமையின் வாதம். விடுதலைக்காகப் போரிட்டவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது என்ற விமர்சனம் இன்றளவும் தொடர்கிறது.

எல்லை தாண்டிய பேச்சும் எல்லை காத்த நாடும்

கரியப்பாவிடம் குறைகளும் இருந்தன. நடை, உடை, பேச்சு அனைத்திலும் ஆங்கிலப் பாணி மேலோங்கியவர். அவரது இந்தி வீரர்களின் வேடிக்கைப் பேச்சுக்குப் பொருளானது உண்டு. பதவியில் இருந்தபோது நாட்டின் பொதுப் பிரச்சினைகள் குறித்து அவர் அடிக்கடி பேசியது அரசுக்கு உவப்பாக இல்லை. பத்திரிகையாளர் சந்திப்புகளைக் குறைத்துக்கொள்ளுமாறு 1952இல் நேரு அவருக்கு எழுதினார். கரியப்பா அதற்குக் கட்டுப்பட்டார். 1953 ஜனவரியில், உரிய காலத்தில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கான இந்தியத் தூதராக 1956 வரை பணியாற்றினார். பிற்காலத்தில் அரசியல் கட்சிகளின் மீது அதிருப்தியுற்று அவர் வெளியிட்ட கருத்துகள் சர்ச்சைக்கு உள்ளாயின. 1971 மக்களவைத் தேர்தலில் மும்பையில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். நாடு போற்றிய படைத்தலைவரையும் வாக்காளர்கள் மற்ற வேட்பாளர்களைப் போலவே எடைபோட்டனர். ராணுவமும் அரசியலில் தலையிடாமல் தன் எல்லைக்குள் நின்றது. அண்டை நாடான பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றியதோடு ஒப்பிட்டால், இந்த எல்லைக்கோட்டின் மதிப்பு விளங்கும். இருவரும் ஒரே ராணுவத்தில் பயின்றவர்கள். ஒரே படைப்பிரிவில் பணியாற்றியவர்கள்.

அந்தப் பழைய தொடர்பு 1965ஆம் ஆண்டுப் போரில் கரியப்பாவைச் சோதித்தது. விமானப்படை விமானியான அவரது மகன் நந்தா கரியப்பா பாகிஸ்தானில் சிறைப்பட்டார். செய்தி அறிந்த அதிபர் அயூப் கான், பழைய மேலதிகாரியின் மகன் என்பதால் விடுவிக்க முன்வந்ததாகக் கூறப்படுகிறது. சிறைப்பட்ட வீரர்கள் அனைவரும் தமக்குப் பிள்ளைகளே என்றும், மகனுக்கு மட்டும் தனிச்சலுகை வேண்டாம் என்றும் கரியப்பா மறுத்துவிட்டார். மற்ற போர்க் கைதிகளோடு சேர்ந்தே மகன் நாடு திரும்பினார். பின்னாளில் ஏர் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார்.

மடிக்கேரியில் ஓய்வு

1986ஆம் ஆண்டில் கரியப்பாவுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. சாம் மானெக்‌ஷாவுக்குப் பிறகு அச்சிறப்பைப் பெற்ற இரண்டாமவர் அவர். மடிக்கேரியில் உள்ள ரோஷனாரா இல்லத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், 1993 மே 15 அன்று பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் 94ஆவது வயதில் காலமானார். மடிக்கேரியில் முழு ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. முப்படைத் தளபதிகளும் மானெக்‌ஷாவும் நேரில் வந்து இறுதி மரியாதை செலுத்தினர்.

பெங்களூருவின் ரெசிடென்சி சாலை இன்று அவரது பெயரைத் தாங்குகிறது. அதற்குச் சற்றுத் தொலைவில், கப்பன் சாலையில் அமைந்த மானெக்‌ஷா அணிவகுப்பு மைதானத்தில் ஆண்டுதோறும் குடியரசு தினத்தன்று ஆளுநரும், சுதந்திர தினத்தன்று முதலமைச்சரும் தேசியக் கொடிக்கு மரியாதை செய்து அணிவகுப்பை ஏற்கின்றனர். ஜீவனஹள்ளி உள்ளிட்ட தண்டுப் பகுதிகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதைக் காண வரும் குடும்பங்கள் உண்டு.

அங்கே துப்பாக்கி ஏந்திய கையை உடையவர்கள், துப்பாக்கி ஏந்தாத ஒருவருக்கு வணக்கம் செலுத்திக் கடந்து செல்கின்றனர். ஆண்டுதோறும் பார்த்துப் பழகியதால் அது இயல்பான காட்சியாகத் தோன்றுகிறது. 1949இல் கரியப்பா பொறுப்பேற்ற வேளையில், அது இப்படியே நிலைக்கும் என்று எவராலும் உறுதியாகக் கூறியிருக்க முடியாது.